முப்பத்தொன்பதாவது வீடு

வேளாந்திட்டில் முப்பத்தொன்பது வீடுகள். முப்பத்தெட்டு வீடுகளில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. மிச்சம் ஜெயராணி மட்டும்தான். அக்கரையில் தரப்போகும் மனை பெண்கள் பேரில்தான் என்பதால் அவள் கணவன் பக்கிரி போட்டால் செல்லாது. எல்லா வீடும் சம்மதித்தால்தான் யாருக்கும் மனை. மூன்றாவது முறையாகப் படகேறி வந்த அதிகாரி பள்ளிக்கூடத்தில் காத்திருந்தார். அவளோ கொல்லையில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். இலைகள் ஓரம் கருகி, காய்கள் சுண்டுவிரல் அளவோடு நின்றுபோயிருந்தன.

கொள்ளிடத்தின் நடுவே கிடக்கும் மண்மேடு அது. கத்தரியும் மிளகாயும் முல்லையும் இங்கிருந்துதான் சிதம்பரம் சந்தைக்குப் போகும். மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறந்துவிட்டால் சனங்களைப் படகில் ஏற்றி அக்கரையில் தங்க வைப்பார்கள். வடிந்த மறுநாளே திரும்பி வந்து, வீட்டுக்குள் ஏறிய சேற்றைத் தள்ளி, விதை ஊன்றிவிடுவார்கள். எத்தனையோ முறை வேறு இடம் தருவதாகச் சொல்லியும் ஒருவரும் அசையவில்லை. வெள்ளம் விருந்தாளி மாதிரி, வந்தால் போய்விடும் என்பார்கள். உப்பு அப்படிப் போகவில்லை. கோடையில் கடல்தண்ணீர் ஆற்றில் ஏறி வர, ஒவ்வொரு ஆழ்குழாய்க் கிணறாகக் கரித்தது. வெள்ளத்துக்கு அசையாதவர்கள் தாங்களே மனு எழுதி அக்கரையில் இடம் கேட்டார்கள்.

ஜெயராணியை யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டு அமராவதி மட்டும் ஒருநாள் வந்து, படகேறி வரவேண்டிய ஊர் என்று தன் மகனுக்கு எவரும் பெண் தர மறுப்பதைச் சொல்லி அழுதுவிட்டுப் போனாள். ஜெயராணி ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் ஜெயராணியின் மகள் சினேகாவைப் பாம்பு கடித்தது. ஏழு வயது. படகு வர இரண்டு மணி நேரமானது. அக்கரை சேருமுன் அமராவதியின் மடியில்தான் உயிர் போயிற்று. கிழக்குக் கரையோரம் புதைத்து ஒரு கல் நட்டார்கள்.

உச்சிவேளையில் பக்கிரி கொல்லைக்கு வந்து வரப்பில் உட்கார்ந்தான். வெகுநேரம் மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"புள்ள அங்க இல்ல" என்றான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கரை சரிந்து அந்த இடம் மொத்தமும் ஆற்றோடு போய்விட்டது. விடியுமுன் அவன்தான் கல்லைத் தேடி எடுத்து, இருபதடி உள்ளே தள்ளி நட்டு, பக்கத்தில் ஒரு அரளிக் கன்றும் வைத்தான். எல்லாவற்றையும் தலைகுனிந்தபடியே சொல்லி முடித்தான்.

ஜெயராணி பறிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"பெத்தவளுக்கு எடம் தெரியாமப் போயிடுமா? அந்தக் கன்னுக்கு நீங்க தெனம் கொடம் தூக்கிட்டுப் போய் ஊத்துனீங்க. அத வுட்டுட்டு எப்பிடி வருவீங்கன்னுதான் கையெழுத்துப் போடாம இருந்தேன்."

"உனக்காவத்தான் நான் ஊத்துனேன்."

அவளே கூடையை இறக்கி வைத்துவிட்டு, கைமண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அமராவதி எழுந்து இடம் விட்டாள். ஜெயராணி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டு" என்றான் பக்கிரி.

"மூணு போடுங்க சார்" என்றாள் ஜெயராணி.

அதிகாரி பக்கிரியைப் பார்த்தார். அவன் நகர்ந்து ஜெயராணியின் பக்கத்தில் போய் நின்றான். கட்டத்தின் மேல் பேனா அப்படியே நின்றது. சன்னல் வழியே வந்த ஆற்றுக்காற்றில் தாள் எழும்பிப் படபடத்தது. அமராவதி கையை நீட்டி அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.