ஓர் அளவு சின்ன ஜெட்

ஏரிக்கரைப் பட்டறையில் வாட்டர் ஸ்கூட்டர்களுக்கு எஞ்சின் வேலை பார்ப்பவர் அந்த மெக்கானிக். அவருடைய தங்கையின் கணவர் அதே ஏரியில் பந்தயம் ஓட்டுபவர். உறவால் மச்சான் மாப்பிள்ளை, பழக்கத்தால் கூட்டாளிகள்.

பந்தயத்துக்கு முதல் நாள் காலை மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை நல்ல பழுப்பு. பெட்ரோலும் காற்றும் அளவாகச் சேர்கின்றன என்று அர்த்தம். இதற்கு மேல் கை வைக்க வேண்டாம் என்றார். மாப்பிள்ளைக்கு மனம் ஆறவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டை இன்னும் சின்னதாகப் போட்டால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சீறும் என்று யாரோ காதில் ஓதியிருந்தார்கள். சூடேறிப் பிஸ்டன் உருகிவிடும் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார்.

"உன்கிட்ட விட்டா இது கல்யாண ஊர்வலத்துக்குத்தான் லாயக்கு, மச்சான்," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மெக்கானிக்கைச் சுருக்கென்று தைத்தது. ஓர் அளவு சின்ன ஜெட்டை மாட்டிக் கொடுத்தார். ஏரியில் ஒரு சுற்று போய்வந்த மாப்பிள்ளை முகமெல்லாம் பல்லாக இறங்கினார். மெக்கானிக் மறுபடி பிளக்கைக் கழற்றினார். முனை வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அர்த்தம். பழைய ஜெட்டையே போட வேண்டும் என்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு வாய் எழவில்லை. ஐந்து சுற்றுதானே, தாங்கிவிடும் என்று பிளக்கை முடுக்கினார்.

மறுநாள் பந்தயத்தின் நான்காவது சுற்றில், மாப்பிள்ளை முதலில் வந்துகொண்டிருந்தபோது, எஞ்சின் இறுகி நின்றது. அந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் அதைத் திருப்பும். எஞ்சின் நின்றால் கைப்பிடியை எவ்வளவு ஒடித்தாலும் நேராகத்தான் போகும். நேராகப் போய்ப் படகுத்துறையின் கான்கிரீட் தூணில் மோதியது. கரைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

குடித்திருந்தார், வளைவில் பயந்துவிட்டார் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். தங்கையின் காதுக்கும் அது போனது.

விசாரணை அதிகாரி எஞ்சினைப் பிரிக்கச் சொன்னதும் மெக்கானிக்கிடம்தான். பிஸ்டன் ஒரு பக்கம் உருகிச் சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. பழைய எஞ்சின், தானாகவே இப்படி ஆகுமா என்று அதிகாரி கேட்டார். தலையாட்டினால் விஷயம் அதோடு முடிந்தது. நாளை வந்து சொல்கிறேன் என்று எழுந்து, நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னார்.

"பிளக் வெளுத்திருந்ததை நீ பார்த்தியா, அண்ணா?"

"பார்த்தேன்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொல்லல."

கையிலிருந்த சட்டையை அவள் மடித்து முடித்தாள். "இதை அப்படியே அங்க போய் சொல்லு."

மறுநாள் சொன்னார். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது தங்கை படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"அவர் பயந்துட்டார்னு இனிமே ஒருத்தரும் சொல்ல முடியாது. எனக்கு அது போதும்," என்றாள். "நீ வீட்டுக்கு வராதே."

அதிகாரிகள் பட்டறையை ஆறு மாதம் பூட்டி வைத்தார்கள். திறந்த பிறகும் அவள் அந்தப் பக்கம் வரவில்லை. அவளுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி அதுதான். இப்போது சுற்றிக்கொண்டு போகிறார்கள்.