மூச்சு வாங்க நேரமில்லாத எழுத்துகள்

மதியம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளறையிலிருந்து அலறல் கேட்டது. மாமனாரின் சுவாசக் கருவி. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்கக் கிடந்தார். திரையில் ‘சி.டி.ஏ.’ என்று சிவப்பாக மின்னியது.

கையேட்டைப் புரட்டினாள். ‘சி.டி.ஏ. வந்தால் பி.சி.யை ஐ.பி.யில் இணைத்து ஏ.ஆர். செய்யவும்.’

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“பி.சி.யைச் செக் பண்ணுங்க மேடம்.”

“பி.சி.ன்னா என்னங்க?”

எதிர்முனை விழித்தது. “அது... புக்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

“இங்க ஒரு உசிரு துடிக்குது! தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிடுங்க!”

போனில் பேசியவன் பக்கத்து இருக்கையில் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். “குழாய் கழண்டிருக்கும் மேடம். திருப்பி மாட்டுங்க.”

கட்டிலுக்குப் பின்னால் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினாள். மாமனாரின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. இதைச் சொல்லவா இத்தனை எழுத்து!

மறுநாள் கணவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, கையேட்டோடு நேரே கம்பெனிக்குப் போனாள். அதை எழுதியவரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று நின்றாள். கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார்.

“விளக்கமெல்லாம் கடைசிப் பக்கத்துல இருக்கும்மா. இடத்தை மிச்சம் பிடிக்கத்தான்...”

“அப்படியா? மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்க. விடாம, பி.சி. எங்க இருக்குன்னு தேடி விரல் வச்சுக் காட்டுங்க.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வேறு வழியின்றி மூச்சைப் பிடித்தார். பக்கங்களைத் தள்ளினார். பொடி எழுத்துப் பட்டியலில் விரல் மேலும் கீழும் ஓடியது. முகம் சிவந்தது. கிடைப்பதற்குள் புஸ்ஸென்று விட்டுவிட்டார்.

“நீங்க எழுதினதுதானே?” என்றாள்.

அவர் தலை குனிந்து, பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, ‘குழாயை மீண்டும் மாட்டவும்’ என்று எழுதி நீட்டினார்.

“என் புக்குல மட்டும் எழுதினா ஆச்சா? மத்த வீட்டுல இருக்கறவங்க மூச்சு மூச்சில்லையா?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் வந்தார், சமாதானம் சொன்னார், போனார், மறுபடி வந்தார். மாலையில் ஒருவழியாக, கருவி வாங்கிய எல்லோருக்கும் செய்தி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். அனுப்புமுன் அதை வாங்கிப் படித்தாள். அதிலும் இரண்டு எழுத்துச் சுருக்கங்கள். அவர்களை முறைத்தபடியே இரண்டையும் அடித்தாள்.

செய்தி போனதைத் தன் போனிலும் பார்த்த பிறகுதான் எழுந்தாள். பஸ் ஏறியும் ஆத்திரம் அடங்கவில்லை.