இறுகிய கடல்பாசி

கடல்பாசி இறங்கமாட்டேன் என்றது. சேதுராசு தட்டைக் கவிழ்த்து மிச்சத்தை சிங்க்கில் தள்ளி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். அது சல்லடைமேல் பளபளவென்று உட்கார்ந்துகொண்டு தண்ணீரை அடைத்தது. விரலால் நசுக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. உள்ளறையில் மகன் மதியழகன், "அம்மா, அம்மா" என்று உலுக்கிக்கொண்டிருந்தான். அம்மா போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. அது சேதுராசுக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கவாதம் வந்து பாப்பம்மாளுக்கு இடது பக்கம் விழுந்ததிலிருந்து, தண்ணீரைக்கூட வெறுமனே புகட்டக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கலந்து கெட்டியாக்கிக் கொடுக்க ஒரு டப்பா பவுடரும் எழுதிக் கொடுத்தார்கள். சேதுராசுக்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது. லோதி ரோடு ஆபீசில் முப்பத்தாறு வருஷம் பைல் சுமந்த பியூன் அவர். அச்சடித்ததை நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்தவர். பவுடருக்குள் என்ன இருக்கிறதென்று எவன் கண்டான்? கடல்பாசி கடலில் விளைகிறது, கையில் எடுத்தால் இன்னதென்று தெரிகிறது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்தார். மகனும் மருமகளும் ஆபீஸ் போனபின் இளநீரில் காய்ச்சி உறையவைத்து, மசித்து, மூன்று வாரமாக ஊட்டினார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு சப்பிச் சப்பி விழுங்கினாள். மகன் கேட்டால், "பவுடருதான்டா" என்பார்.

நேற்று ஸ்பூனில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. அதனால் இன்றைக்கென்று ஒரு பிடி கூடப் போட்டார். அது ரப்பராக இறுகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் எழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மசிக்கவும் இல்லை. மூன்றாவது வாய்க்கு அவள் கண் விரிந்தது. வலது கை அவர் சட்டையைப் பிடித்தது. பிறகு விட்டது.

உதட்டைத் துடைத்துவிட்டு, தட்டை மறைத்துக்கொண்டுதான் மகனை எழுப்பினார்.

கீழ்மாடியிலிருந்து டாக்டர் வந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அங்கிள், சுபஹ் குச் கிலாயா?" காலையில் ஏதாவது ஊட்டினீர்களா என்று இந்தியில் கேட்டார்.

"பானி," என்றார் சேதுராசு. "பவுடர் டால்கே." தண்ணீர்தான், பவுடர் போட்டு.

தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டி, இருதயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதியழகன் அப்பாவின் தோளைத் தொட்டான். அவர் திடுக்கிட்டு விலகினார்.

மருமகள் உதயாவும், முன்பு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டிலிருந்த இந்திராணியும் கதவைச் சாத்திக்கொண்டு உடம்பைக் குளிப்பாட்டினார்கள். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் எப்போதும் ஒரு துண்டு ஒதுங்கி நிற்கும். ஊட்டி முடித்ததும் விரலை விட்டு எடுப்பார். இன்றைக்கு எடுக்கவில்லை.

கதவு திறந்தது. பாப்பம்மாளுக்குத் தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. இந்திராணி மூக்கைச் சிந்தினாள்.

"ஒரு நா பொண்டாட்டிக்கு ஒரு டீ போட்டுக் குடுத்த மனுசனா நீங்க? மூணு வாரமா அடுப்படியே கதின்னு நின்னீகளாமே, உதயா சொல்லுச்சு. என்னத்தண்ணே அப்புடி ஆக்கிப் போட்டீக?"

"சும்மா... தண்ணி காய்ச்சுனேன்."

உதயாவுக்குத் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் பாத்திரங்களைப் பார்த்திருப்பாள். உதயா அவரைப் பார்க்காமல் தட்டில் பச்சரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்கரிசி போட வேண்டும். தாடைக்கட்டை அவிழ்ப்பார்கள். இத்தனை பேர் முன்னால் வாயைத் திறப்பார்கள்.

மதியழகன் குனிந்தான்.

"நகர்றா. நான்தான் மொதல்ல."

"அப்பா, பையன்தான் ஃபர்ஸ்ட் போடணும்னு இந்திராணி அத்தை..."

"நாப்பத்தேழு வருசம் எனக்கு ஆக்கிப் போட்டவ. நகர்றாங்கிறேன்."

துணியை அவரே அவிழ்த்தார். முதுகால் எல்லோரையும் மறைத்துக்கொண்டு, அரிசி போடுகிற சாக்கில் சுட்டுவிரலை இடது கன்னத்துக்குள் விட்டார். குளிர்ந்து கிடந்தது. துழாவினார். நாக்குக்கு அடியிலும் துழாவினார்.

ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி சுத்தமாக இருந்தது. குளிப்பாட்டும்போதே யாரோ எடுத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தார். அரிசித் தட்டோடு உதயா எதிரே நின்றிருந்தாள்.

"ஜல்தி பண்ணுங்கப்பா, வேன் வந்து நிக்குது," என்றான் மதியழகன்.

"விடுங்க. மாமா போடட்டும்," என்றாள் உதயா. தட்டை நீட்டினாள். "போடுங்க மாமா."

அரிசி விரலில் நிற்கவில்லை. இரண்டு தரம் அள்ளினார், இரண்டு தரமும் பாடையில் சிந்தியது. உதயா அவர் மணிக்கட்டைப் பிடித்து வாய்வரை கொண்டுபோனாள். அரிசி விழுந்தது. அடுத்து மதியழகன் போட்டான். இந்திராணி ஓவென்று அழுதுகொண்டே போட்டாள். லிஃப்டில் வந்திறங்கிய அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் குனிந்து போட்டார்கள். கடைசி ஆள் போட்டு முடிக்கும்வரை உதயா அந்த மணிக்கட்டை விடவில்லை.