நெஞ்சல்ல, தலை

என் கணவர் விழுந்தபோது நான் போனில் இருந்தேன். சாலைக் கடைத்தெருவில் எங்கள் இரும்புக்கடை. ஷட்டரைத் தூக்கிக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "ரேஷ்மி, தலை வெடிச்சிட்டு!" என்று ஓர் அலறல். பிறகு ஷட்டர் இறங்கிய சத்தம்.

கரமனை வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே பக்கத்துக் கடை மஹேஷ்.

"மைனி, பயப்படாதீங்கோ. அட்டாக்குதான். ஒடனே குளிகை போட்டுட்டேன். அண்ணாச்சி சர்த்திச்சு வாந்தியா வெளிய தள்ளிட்டாரு. ரெண்டாவதும் போட்டேன், அதையும் துப்பிட்டாரு!"

அரிசிக்கடைக்காரர் ஒருவர் கல்லாவிலேயே மாரடைப்பில் போனதிலிருந்து, எங்கள் வரிசைக் கடைகளில் சாமி படத்துக்கு அடியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாரடைப்பு மாத்திரை இருக்கும். யார் விழுந்தாலும் வாயில் போட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. விழுந்தால் அது நெஞ்சுதான். வேறு எதையும் யாரும் யோசிப்பதில்லை.

உள்ளே அவர் நினைவில்லாமல் கிடந்தார். ஈசிஜி தாளைப் பார்த்த பெரிய டாக்டர், "மாரடைப்புதான். ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடணும்" என்றார். நர்ஸ் மருந்தை ஊசிக்குழாயில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நெஞ்சுன்னு அவர் சொல்லவே இல்லை. தலைன்னுதான் சொன்னார்."

"மைனி, டாக்டருக்குத் தெரியாதா?" மஹேஷ் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"நீ கேட்டியா? நான் கேட்டேன்!"

டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் ஷாலு திரும்பினாள். "சேச்சி, விழும்போ ஆத்யம் வலிச்சது நெஞ்சோ, தலையோ?"

"தலை. வெடிச்சிட்டுன்னார்."

"சர்த்தியும் உண்டு" என்று சொல்லிக்கொண்டே அவர் கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தாள். அது மடங்கவில்லை. "சார், கழுத்து விறைச்சிருக்கு, தலைக்குள்ள ரத்தமா இருக்கலாம். ஊசி நிறுத்துங்க. முதல்ல ஸ்கேன்."

ஸ்ட்ரெச்சரை அவளே தள்ளிக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன், ஒரு செருப்போடு.

படம் வந்தது. மூளையைச் சுற்றி வெள்ளையாக ரத்தம்.

"அந்த ஊசி போட்டிருந்தா?" என்றேன்.

"ரத்தம் நிக்காது" என்றார் பெரிய டாக்டர். முகம் வெளுத்திருந்தது. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தால், மூளை இதயத்தையும் கலக்கிவிடுமாம்; ஈசிஜி கோடுகள் மாரடைப்பு போலவே ஏறி இறங்குமாம். மஹேஷ் தரையில் உட்கார்ந்து, "சர்த்திச்சாரே, பகவானே, சர்த்திச்சாரே" என்று கும்பிட்டான்.

மூளையில் வெடித்த ரத்தக்குழாயை அன்றே அடைத்தார்கள். அவர் அதற்குப் பிறகு சில வருடங்கள் இருந்தார், கடைக்குப் போனார், என்னோடு சண்டை போட்டார். இப்போது இல்லை, அது வேறு நோய், வேறு துக்கம். நான் எழுத உட்கார்ந்தது இதற்காக.

அந்த வாரக் கடைசியில் ஐசியூ வாசலில் ஷாலு புதிய ஈசிஜி தாளை நீட்டினாள். கோடுகள் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன.

"இதயத்துக்கு என்ன மருந்து கொடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல, சேச்சி. தலை அடங்கிச்சு, அதும் அடங்கிச்சு."

வராந்தா அதிரச் சிரித்தேன். உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, "இது ஆஸ்பத்திரியாக்கும்!" என்று அதட்டினாள். அதற்கும் சிரித்தேன்.