லொக்கின் பம்பளிமாஸ் அழுதது

ஆள் செத்தால் அவர் வைத்த மரங்களுக்கும் போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லி, அடிமரத்தில் ஒரு துண்டு வெள்ளைத் துணியும் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மரமும் அவர் பின்னாலேயே கிளம்பிவிடும். பென் சே ஆற்றோரத்தில் அப்படித்தான். லொக் செத்த அன்று அந்த வேலை கியெம்மின் தலையில் விழுந்தது.

"மரத்தோட பேசிப் பழகினவன் நீதானே" என்றார்கள்.

கியெம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்தில் இலை சுருண்டாலும் பிஞ்சு உதிர்ந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் மரங்களோடு பேசியது கிடையாது. திட்டியது உண்டு.

இருந்தாலும் மரம் மரமாகப் போய், "உங்க ஆளு போயிட்டாருப்பா" என்று சொல்லிக் கட்டிக்கொண்டே வந்தான். கடைசியாக வாசல் பம்பளிமாஸிடம் வந்தான். அதன் கீழே உட்கார்ந்துதான் லொக்கும் அவனும் அரிசிச் சாராயம் குடித்துவிட்டு, யார் போட்ட ஒட்டு நல்ல ஒட்டு என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் முடிச்சை இறுக்கினான். மேலே இன்னொரு முடிச்சு, அதற்கும் மேலே ஒன்று. மரத்தடியில் ஈரம் தங்கவிடாதே, பட்டையில் எதையும் கட்டாதே என்று கடைக்கு வருகிறவர்களின் காதைக் குடைகிற அதே கியெம்தான்.

மழை பிடித்தது. ஒரு காலையில் லொக்கின் பக்கத்து வீட்டு துயெத் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, லொக் வீட்டு மரம் அழுவுது."

"பக்கத்துல யாராவது வெங்காயம் உரிச்சீங்களா?"

"உங்களுக்கு எல்லாம் கேலிதான். துணிக்குக் கீழ சொட்டுச் சொட்டா வடியுது. ஊரே பாத்துட்டு வந்துடுச்சு, நீங்கதான் பாக்கி."

வாசலில் ஊதுபத்திப் புகை. பத்துப் பதினைந்து பேர் ஓலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். லொக்கின் மனைவி தோவா எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாவுக்குப் பிறகு அவள் லொக்கின் படம் வைத்த அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. படத்துக்கு முன்னால் சோறு வைப்பாள், ஆறினதும் அதையே எடுத்துத் தின்பாள். இப்போது தலையில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைப் பட்டை அப்படியே இருக்க, முகம் மட்டும் வேறு யாருடையதோ போலத் தெளிந்திருந்தது.

"பாத்தியா தம்பி? பெத்ததுங்க மூணாம் நாளே சைகோனுக்கு பஸ் ஏறிடுச்சுங்க. இது பாரு."

பார்த்தான். துணிக்குக் கீழே தேன் நிறத்தில் பிசின் திரண்டு நின்றது. குனிந்து கும்பிடுகிற சாக்கில் முகர்ந்தான். புளித்த வாடை. கட்டைவிரலால் பட்டையை அழுத்தினான், தேநீரில் ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போனது. அண்ணாந்தால், நுனி இலைகளில் நரம்பு மட்டும் மஞ்சள். வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. பிசின் நோய். மண்ணிலிருந்து மழைத்துளியோடு தெறித்து ஏறுகிற பூஞ்சணம், ஈரத் துணிக்குள் சொகுசாகக் குடித்தனம் நடத்துகிறது. வீடு பார்த்துக் கொடுத்தவன் கியெம்.

"உங்க அண்ணனுக்காகத்தானே அழுவுது?" என்றாள் தோவா.

"ஆமா அண்ணி."

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று திரும்பினான். அடுத்த வாரமும் போனான். வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிப் பலகாரம் கொடுத்தாள், தின்றுவிட்டு வந்தான். படியில் நின்று அவள் துயெத்திடம் சிரித்துப் பேசுவதைக் கேட்டான். அன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் பலகாரம்தான் உள்ளே போனது, வார்த்தை வெளியே வரவில்லை. பிசினோ வடிந்துகொண்டே இருந்தது. அதற்கு அவனைப் போலத் தயக்கமெல்லாம் இல்லை.

பிறகு ஒரு நாள் அவளே ஆளனுப்பினாள். கேட்டுக்கு வெளியே வந்து காத்திருந்தாள்.

"தம்பி, வாய்க்காங்கரை மரமும் அழ ஆரம்பிச்சிடுச்சு."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். கியெம் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, அது அழுகை இல்ல."

"என்ன?"

"நோவு. பட்டை அழுகுது. அழுகுற இடத்துல மரம் பிசின் கக்கும். துணி ஈரமா ஒட்டிக் கெடந்ததுல வந்தது. இப்ப அடுத்த மரத்துக்கும் தாவிடுச்சு."

"துணிய நீதானே கட்டின."

"நான்தான்."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"மொத நாளே."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எம் பலகாரம் அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். கியெம் வண்டியை விட்டு இறங்கி, கத்தியை எடுத்துக்கொண்டு வாசல் பம்பளிமாஸிடம் போனான்.

முடிச்சுகள் மழையில் ஊறி இறுகிப்போயிருந்தன. கத்தியால் அறுத்தான். துணி எடுத்த இடத்தில் பட்டை கறுத்து நசநசத்தது. மேல்தோலைச் சுரண்டினான். உள்ளே பச்சையும் வெள்ளையுமாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தது. சுரண்டிக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தான். நல்ல பட்டை எங்காவது ஒரு விரலகலம் இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மரத்தை இழுத்துவிடலாம். அந்த விரலகலம் கிடைக்காமலே தொடங்கின இடத்துக்கு வந்து சேர்ந்தான்.

"மொத நாளே எடுத்திருந்தா?" தோவா பின்னால் நின்றிருந்தாள்.

"பொழைச்சிருக்கும்."

உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், இனி இந்த வாசலில் கால் வைக்க முடியாது என்று நினைத்தான். வரும்போது அவள் கையில் ரம்பமும், லொக் மிச்சம் வைத்துப்போன சாராயப் போத்தலும் இருந்தன.

"கத்திய ஒரு மரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தொடைக்காமக் கொண்டுபோகக் கூடாதும்பாரு. இதாலதான் தொடைப்பாரு. தொடைச்ச மாதிரி பாதி குடிச்சிடுவாரு."

கியெம் போத்தலை வாங்கிக்கொண்டான். ரம்பத்தை அதில் துடைத்தான்.

கிளைகளை அறுத்து இறக்கினான். மறுமுனை நிலத்தில் அறையாதபடி அவள் பிடித்துக்கொண்டாள். பாதிக் காய்கள் இன்னும் பச்சையாகத் தொங்கின. துணியையும் கழிவையும் எரிக்க வேண்டும் என்றான். துக்கத் துணியை எரித்தால் துக்கம் கழிந்தது என்று கணக்கு. துக்கம் காக்க வேண்டிய காலமோ இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கிடக்கிறது.

"மத்த மரத்துத் துணியுமா?"

"எல்லாமேதான் அண்ணி."

தன் தலைப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தோட்டத்துக்குள் போய், ஒவ்வொரு துணியாக அவளே அவிழ்த்து வந்து நெருப்பில் போட்டாள். ஒவ்வொரு மரத்திடமும் ஏதோ சொன்னாள். என்னவென்று கியெம்முக்குக் கேட்கவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

அடிமரம் சாய்ந்தபோது துயெத் ஊதுபத்திக் கட்டோடு வந்தாள். வெட்டவெளியாகிவிட்ட வாசலைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ஐயோ, என்னக்கா இது? அழுதுகிட்டிருந்த மரத்தப் போயி..."

கியெம் வாயைத் திறந்தான். தோவா முந்திக்கொண்டாள்.

"அழுது முடிச்சிடுச்சு. அவருகிட்டயே போயிடுச்சு. நீ வீட்டுக்குப் போ துயெத், புகை கண்ணுல படும்."

அவள் போனதும் இருவரும் வாய்க்கால் கரைக்கு நடந்தார்கள். சுரண்டிய இடத்தில் பூச, தோவா ஒரு சட்டியில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் அவன் சொன்ன பதத்துக்குக் குழைத்தாள். அவன் கத்தியைச் சாராயத்தில் துடைத்து, பிசின் வழிந்த இடத்தைச் சுரண்டினான். பழுப்பு, பிறகு கொஞ்சம் வெள்ளை. நிறுத்தினான்.

தோவா குனிந்து, தன் நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்தாள்.

"இங்க இன்னும் பழுப்பு இருக்கு" என்றாள். "சுரண்டு."