ஓடக்காரன் பெண்டாட்டியின் பாட்டு

மூன்றாவது வரிசையில் சோமசேகரன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குஞ்சிதபாதம் மேடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவியும் மகள் தையல்நாயகியும் இருந்தார்கள். குரும்பகரத்திலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தையல்நாயகியைத்தான் அவனுக்குப் பேசி முடித்திருந்தது. மாசியில் நிச்சயதார்த்தம். பெண் பார்க்கப் போனபோது, "ஆபீஸ் நேரம் போக இசைக்குழுவுல பாடுவான்" என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தார்கள். எந்தக் குரலில் என்று அவர்கள் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

குஞ்சிதபாதம் பெண் குரலில் பாடுகிறவன். மேடையேறிப் பாடப் பெண்கள் கிடைக்காத காலம் அது. கோவிந்தராசு நடத்திய குழுவில் ஜோடிப் பாட்டு என்றால் ஆண் குரல் கோவிந்தராசு, பெண் குரல் இவன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரும் ஆண் என்று சொல்ல மாட்டார்கள். கண்ணைத் திறந்தால்தான் வம்பு.

அன்றைக்கு அரசலாற்றங்கரைப் பந்தலில் உள்ளூர்க் குழுக்கள் எல்லாம் சேர்ந்து 'கடலோசை'யின் பாட்டுகளை மட்டும் பாடுவதாக ஏற்பாடு. கடலோசை காரைக்காலின் செல்லக் குழு. தாங்களே பாட்டுக் கட்டி, மெட்டுப் போட்டுப் பாடியவர்கள். அதை நடத்திய புருஷனும் பெண்டாட்டியும் எழுபத்தொன்பதில் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். குழு கலைந்தது, பாட்டுகள் மட்டும் ஊரில் தங்கிவிட்டன. சாயங்காலமே பந்தல் நிறைந்து, காரைக்கால்மேட்டு மீன்காரப் பெண்கள் முன்னால் பாய் விரித்து இடம் பிடித்திருந்தார்கள்.

"அண்ணே, இன்னிக்கு நான் பாடல. தபேலாவப் பாத்துக்கிறேன்" என்றான் குஞ்சிதபாதம்.

"வெளையாடுறியா? ஓடக்காரன் பாட்டு ஜோடிப் பாட்டாச்சே, அத நான் ஒத்தையில பாடுறதா?"

"பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்க."

கோவிந்தராசு எட்டிப் பார்த்தார். முனகிக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

அதற்குள் முதல் குழு மேடையேறிவிட்டது. அவர்கள் மாயவரத்திலிருந்து அமுதம் என்ற பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். நல்ல குரல். ஆனால் மேடையோரக் கம்பத்தடியில் சாராயக்கடையிலிருந்து நேரே வந்து நின்ற பத்துப் பதினைந்து பேருக்குக் குரலைப் பற்றி அக்கறையில்லை. ஒவ்வொரு அடிக்கும் விசில். மூன்றாவது பாட்டில் ஒருவன் மேடைமேல் தாவி, ரூபாய் நோட்டை அவள் புடவையில் குத்தப் போனான். விழாக்காரர்கள் அவனைப் பிடித்துத் தள்ளினார்கள். அமுதம் பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

"அந்தப் பொண்ணு வரணும்! ஓடக்காரன் பாட்டு பாடணும்!"

ஒரு நாற்காலி உடைந்தது. பிறகு வரிசையாக உடைந்தன. பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். தையல்நாயகியும் அவள் தாயாரும் வண்டிக்குப் போவதைக் குஞ்சிதபாதம் பார்த்தான். சோமசேகரன் மட்டும் நகரவில்லை.

மேடைக்குப் பின்னால் அமுதம் மூங்கில் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடன் வந்த சித்தி, "எங்கள எப்படியாவது அனுப்பி விட்டுடுங்கய்யா" என்று பார்ப்பவரையெல்லாம் கும்பிட்டாள். அவர்கள் வந்த வேன் அந்தக் கும்பலுக்கு அப்பால் நின்றது. பந்தோபஸ்துக்கு இருந்த இரண்டு போலீஸ்காரர்களையும் காணோம். கும்பலில் நாலைந்து பேர் பந்தலைச் சுற்றிப் பின்பக்கம் வரத் தொடங்கினார்கள்.

"படுதாவ இறக்கச் சொல்லுங்க" என்றான் குஞ்சிதபாதம். "அவங்க பாடுறாங்கன்னு மைக்கில சொல்லுங்க. நான் உள்ளேருந்து பாடுறேன். இவனுங்க முன்னாடி போயிடுவானுங்க. அதுக்குள்ள ஆத்தங்கரை வழியா இவங்களக் கூட்டிட்டுப் போகட்டும்."

கோவிந்தராசு அவன் கையைப் பிடித்தார். "தெரிஞ்சா தோல உரிச்சிடுவானுங்கடா."

"சொல்லுங்கண்ணே, சீக்கிரம்."

படுதா இறங்கியது. அமுதத்துக்கு உடம்புக்கு முடியவில்லை, மறைவிலிருந்தே பாடுவாள் என்று அறிவிப்பு வந்தது. குஞ்சிதபாதம் ஓடக்காரன் பெண்டாட்டியாகக் கரையில் நின்று கூப்பிடும் முதல் அடியை எடுத்தான். வெளியே கூச்சல் தணிந்தது. பின்பக்கம் வந்த கால்கள் திரும்பி முன்பக்கம் ஓடின. தபேலாக்காரர் அமுதத்தையும் சித்தியையும் தட்டியை விலக்கி இருட்டுக்குள் கூட்டிப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பாடினான். அவள் குரலில் இருந்த மெல்லிய கம்மலைக்கூடக் கொண்டுவந்தான். பல்லவி முடிந்தது. முதல் சரணமும் முடிந்தது.

"மொகத்தக் காட்டச் சொல்லுடா!"

எவனோ கயிற்றை அறுத்துவிட்டான். படுதா பொத்தென்று விழுந்தது.

விளக்கு வெளிச்சத்தில் மைக்கின் முன்னால் மீசையோடு குஞ்சிதபாதம் நின்றான். வாயில் பெண்ணின் குரல். நேர் எதிரே சோமசேகரன். அவர் வாய் திறந்திருந்தது.

நிறுத்திவிடலாம் என்று கால் சொன்னது. இப்போது நிறுத்தினால் கும்பல் நேராக ஆற்றங்கரைக்கு ஓடும். அமுதமும் சித்தியும் எவ்வளவு தூரம் போயிருப்பார்களோ! குஞ்சிதபாதம் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டாவது சரணத்தைத் தொடங்கினான். அதே குரலில்.

"ஏய், பொட்டை!" என்று ஒருவன் கத்தினான். பறந்து வந்த சோடா பாட்டில் குஞ்சிதபாதத்தின் தோளில் பட்டுத் தரையில் சிதறியது. வலி கை வரைக்கும் இறங்கியது. குரல் ஒரு இடத்தில் உடைந்து, மறுபடி ஏறியது.

பாயிலிருந்து ஒரு மீன்காரப் பெண் எழுந்தாள். "எவன்டா அவன்? ஒங்கம்மாளும் பொம்பளக் குரல்லதான்டா ஒன்னத் தாலாட்டுனா! உக்காந்து கேளு, இல்லன்னா எந்திரிச்சுப் போ!" அவளோடு மற்றப் பெண்களும் எழுந்தார்கள். கூடை சுமந்து உரம் ஏறிய கைகள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கும்பலின் பக்கம் திரும்பியது. அவர்கள் வைதுகொண்டே ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பாட்டை முடித்துவிட்டுக் குஞ்சிதபாதம் பார்த்தபோது மூன்றாவது வரிசை காலியாக இருந்தது.

மறுநாள் காலை சோமசேகரன் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவனுடைய அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கினாள். அவர் காப்பியைத் தொடவில்லை.

"நீங்க அங்க கத்திக்கிட்டிருந்தப்ப எங்க வண்டியில யாரு இருந்தா தெரியுமா? அந்தப் பாட்டுக்காரப் பொண்ணும் அவ சித்தியும். கூட்டிட்டு வந்தவரு வண்டி தேடப் போயிட்டாராம், ஆத்தங்கரையில திக்குத் தெரியாம நின்னிருக்காங்க. எம்மவதான் கூப்பிட்டு ஏத்திக்கிட்டிருக்கா. நான் போனா, அந்தப் பொண்ணு வண்டிக்குள்ள உக்காந்து அழுவுது. ராத்திரி ரெண்டு பேரும் எங்க வீட்டுலதான் படுத்திருந்தாங்க. காலையில மொதப் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு வர்றேன்."

குஞ்சிதபாதத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நல்ல காரியம்தான், இல்லேங்கல. ஆனா எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு, தம்பி. ஊர்ல என்னா சொல்லுவான்? கல்யாணத்துக்கப்புறம் இது வேணாம். விட்டுடுறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

கதவோரத்திலிருந்து அம்மா 'சொல்லேன்டா' என்பதுபோல் கையை ஆட்டினாள்.

"அதச் சொல்ல முடியாதுங்க மாமா" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. "கேக்குறவங்க கேட்டா பாடுவேன். மறைச்சது தப்பு. அதுக்கு வேணா மன்னிச்சுக்குங்க."

சோமசேகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்கினார். தெருவில் நான்கு எட்டு வைத்தவர் நின்றார். திரும்பாமலே சொன்னார்:

"நான் இப்படித்தான் கேப்பேன், நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு எம்மவ சொன்னா. அப்படி நீங்க சொன்னீங்கன்னா, நிச்சயத்து நாளத் தள்ளிப் போடாம உங்கள வரச் சொன்னா. நீங்க விட்டுடுறேன்னு சொல்லியிருந்தா அவ என்ன சொல்லியிருப்பாளோ, தெரியல."

மாசியில் நிச்சயம் நடந்தது. வைகாசியில் கல்யாணம். குரும்பகரத்து இளவட்டங்கள் கொஞ்ச காலம் அவனைக் கேலி பேசத்தான் செய்தார்கள். அமுதம் அதற்குப் பிறகு காரைக்காலில் பாட வரவேயில்லை.