ஒருத்தர் போட்டால் போதும்

தீர்ப்பை வாசித்து முடிக்க நீதிபதிக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்காக இரண்டு வருஷமாக, தன் சொந்த வழக்குக்கே மனுவும் இணைப்புமாக எத்தனை பிரதி எடுத்திருப்பாள் அந்த ஜெராக்ஸ்காரி! அவள் கடை, நீதிமன்றத்துக்கு நேர் எதிரே. பன்னிரண்டாம் பக்கம் புருஷனின் இறப்புச் சான்றிதழ். பதினாலாம் பக்கம், உறைநிலையில் மூன்று கருக்கள் இருப்பதாக மருத்துவமனை கொடுத்த கடிதம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

கருவை அவள் வயிற்றில் வைக்க நாள் குறித்திருந்த வாரத்தில்தான் அவன் காய்ச்சலென்று படுத்தான். எழுந்திருக்கவில்லை. அதற்குச் சற்று முன்புதான் புதுச் சட்டம் வந்திருந்தது: கருவைப் பயன்படுத்தும் அன்று தம்பதி இருவரும் உயிரோடிருந்து கையெழுத்திட வேண்டும், பழைய சம்மதம் செல்லாது. நீதிபதி தலை நிமிராமலே ‘வருந்துகிறோம்’ என்றும் வாசித்தார். அதுவும் தட்டச்சாகித்தான் இருந்தது.

வராந்தாவில் மாமியார் பையைத் துழாவி ஒரு மதிப்பெண் அட்டையை எடுத்தாள்.

“வக்கீலம்மா, அவன் கையெழுத்துதானே கேக்குறாங்க? இதப் பாருங்க, பத்தாவதுல போட்டது. கடைசிவரைக்கும் இப்படியேதான் போட்டான்.”

வக்கீல் வாங்கிப் பார்த்தார். “அழகா இருக்கும்மா” என்றார்.

“அப்பீல் போடலாமா மேடம்?” என்று இவள் கேட்டாள்.

“போடலாம். மூணு வருஷமாவது இழுக்கும். உங்களுக்கு இப்பவே நாப்பத்தெட்டு. சட்டம் அம்பதோட நிறுத்திடுது.”

மத்தியானம் இருவரும் தீர்ப்பு நகலோடு மருத்துவமனைக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அதைப் படித்துவிட்டு ஒரு படிவத்தை நகர்த்தினாள்.

“முப்பது நாளுக்குள்ள தடை உத்தரவு வரலன்னா நாங்களே அழிச்சாகணும்க்கா. இப்பவே சம்மதம்னா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“அவர் கையெழுத்து?”

“அது வேணாம். அழிக்கிறதுக்கு ஒருத்தர் போட்டாப் போதும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க, தோள் குலுங்கியது. மாமியார் பயந்துபோய் அவள் கையைப் பிடித்தாள்.

“என்ன கண்ணு, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல அத்தை.” படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். “ஒரு தடவ பாக்கலாமா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

அனுமதி இல்லைதான். ஆனாலும் அந்தப் பெண் எழுந்துபோய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தடித்த கையுறை போட்ட ஊழியர், கருக்களை உறையவைத்திருந்த இடுப்புயர உருளை ஒன்றின் மூடியைத் திறந்தார்.

“எங்க? எங்க கண்ணு?” மாமியார் நெற்றியைக் கண்ணாடியில் பதித்துக்கொண்டு கேட்டாள்.

உருளையின் விளிம்பில் வெண்புகை நிறைந்து வழிந்தது. பக்கவாட்டில் மெல்ல இறங்கி, தரையைத் தொடும் முன்பே இல்லாமல் போனது.